பிள்ளையின் மதியக் குறுக்கு: காலையில் காய்ச்சி வைப்பதா, பிளாஸ்கா, பிரிட்ஜா, அப்பப்போ காய்ச்சுவதா?

தங்கச்சிக்குப் பேறுகால விடுப்பு முடிகிறது. சட்டப்படி கிடைத்த 26 வாரமும் தீர்ந்தது, அதோடு சேர்த்து எடுத்த சொந்த லீவும் தீர்ந்தது. வருகிற திங்கள்கிழமை காலை எட்டு மணிக்குக் கருங்கல்லில் பஸ் ஏறினாள் என்றால், நாகர்கோவிலில் வேலை முடித்து வீடு வந்து சேர மாலை ஆறரை ஆகிவிடும். பிள்ளைக்கு ஏழாவது மாதம் நடக்கிறது. பகல் முழுக்க அம்மாதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு 66 வயது, மூட்டுவலி வேறு.

போன ஞாயிற்றுக்கிழமை அடுக்களையில் எல்லோரும் உட்கார்ந்து இதைத்தான் பேசினோம். மதியம் பிள்ளைக்குக் கொடுக்கிற குறுக்கை (மாவைக் கரைத்துக் கெட்டியாகக் காய்ச்சுகிற கூழை) யார் காய்ச்சுவது, எப்போது காய்ச்சுவது? ஆளுக்கொரு வழி சொன்னார்கள். "காலத்தே காய்ச்சி மூடி வச்சுட்டுப் போ மக்களே, நான் நேரத்துக்குக் குடுத்துக்கிடுவேன்" என்றாள் அம்மா. பிளாஸ்கில் ஊற்றி வைத்தால் மதியம் வரை சூடு இருக்குமே என்றாள் தங்கச்சி. பிரிட்ஜ் பின்னே எதுக்கு இருக்கு என்று கேட்டான் தம்பி. டப்பா மாவு வாங்கிவிட்டால் வெந்நீர் ஊற்றிக் கலக்கினால் போதும் என்பது தங்கச்சி மாப்பிள்ளையின் யோசனை. மாவைப் பொடித்து வைத்துக்கொண்டு, அந்தந்த நேரத்துக்கு ஒரு கிண்ணம் மட்டும் காய்ச்சலாம் என்று நான் சொன்னேன்.

எல்லாம் நல்ல எண்ணத்தில் சொன்னவைதான். ஆனால் பிள்ளையின் வயிற்றுக்கு எல்லாம் ஒன்றல்ல. எது ஏன் மேல் என்று அன்றைக்கு நான் சொன்னதையும் அதன்பிறகு யோசித்ததையும் எழுதுகிறேன். நம் குமரி மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் இதே கேள்வி இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பிறகு இணை உணவோடு 2 வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த 6 மாதம் தாண்டி 2 வயது வரைக்கும்தான் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு அதிகமாக வருகிற காலம். தவழ்ந்து போய்க் கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைப்பது ஒரு காரணம். தாய்ப்பாலோடு வேறு சாப்பாடு தொடங்குவது இன்னொரு காரணம். தவழ்கிற பிள்ளையைக் கட்டிப்போட முடியாது. சாப்பாடு நம் கையில் இருக்கிறது.

அந்தச் சாப்பாட்டிலும் ராகியா ஏத்தங்காயா (நேந்திரங்காயா) என்பதைவிடப் பெரிய விஷயம், அடுப்பிலிருந்து இறக்கியதற்கும் பிள்ளை வாயில் வைப்பதற்கும் நடுவில் எத்தனை மணி நேரம் போகிறது என்பது. 5 டிகிரிக்குக் கீழேயும் 60 டிகிரிக்கு மேலேயும் கிருமிகள் பெருகுவது அநேகமாக நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில்தான் அவற்றுக்குக் கொண்டாட்டம். வாகான சூடும் ஈரமும் கிடைத்தால் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும். 4 மணி நேரத்தில் 12 முறை இரட்டித்தால் ஒன்று 4,096 ஆகிறது. காலை ஏழு மணிக்கு இறக்கி வைத்ததை மதியம் ஒரு மணிக்குக் கொடுத்தால் 6 மணி நேரம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

காலையில் காய்ச்சி மூடி வைப்பது

அம்மா சொன்ன இந்த வழியை முதலிலேயே தள்ளிவிட்டேன். நம்மூரில் வருடத்தில் பாதி நாள் வெக்கை, மீதி நாள் இரண்டு பருவமழையின் ஈரம். சட்டியில் மூடி வைத்த குறுக்கு மதியத்துக்குள் புளிக்கவில்லை, வாடை வரவில்லை என்பதால் நல்லது என்று ஆகிவிடாது. நோய் தருகிற கிருமிகள் பெருகியிருந்தாலும் ருசியோ மணமோ மாற வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

"மதியம் கொடுக்கும்போது திரும்பச் சூடாக்கிக் கொடுத்தால் போகாதா?" என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. நன்றாகக் கொதிக்க வைத்தால் கிருமிகளில் பெரும்பாலும் சாகும். ஆனால் அரிசியிலும் தானியங்களிலும் இருக்கிற பாசில்லஸ் சீரியஸ் என்ற ஒரு கிருமி, வேகும்போது சாகாமல் விதை மாதிரி உறங்கிக் கிடக்கும். ஆறினதும் முளைத்துப் பெருகும். பெருகும்போது அது விடுகிற ஒருவகை நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. சம்பா அரிசிக் கஞ்சிக்கும் இது பொருந்தும். ஆகவே நேரம் போய்விட்டால் சூடாக்கி அதை மீட்க முடியாது.

"நாலு பிள்ளைகளை வளத்தவ நான்" என்று அம்மா வருத்தப்பட்டாள். அவள் வளர்த்த விதத்தை நான் பார்த்திருக்கிறேன், கடைசித் தம்பிக்கும் எனக்கும் 11 வயது வித்தியாசம். வீட்டில் பிரிட்ஜ் கிடையாது, பிளாஸ்க் கிடையாது. பிள்ளை தூங்கி எழுந்து அழுதபிறகுதான் அம்மா விறகடுப்பில் சின்ன உருளியை வைப்பாள். அழுகிற பிள்ளையை நான் இடுப்பில் வைத்து முற்றத்தில் காக்காய் காட்டிக்கொண்டு நிற்பேன். குறுக்கு வாய்க்குப் பதமாக ஆறினதுமே பிள்ளை வாயில் போயிருக்கும். நடுவில் அரை மணி நேரம்கூட இருக்காது. இதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆமா, அன்னைக்கு எடுத்து வைக்கதுக்கு எங்க இருந்தது" என்றாள்.

பிளாஸ்க்

இதைப் பற்றி நான் நீளமாகச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இது நான் செய்தது.

என் மகளுக்கு ஒன்பது மாதம் இருக்கும்போது நானும் வேலைக்குப் போனேன். காலை ஆறரைக்கு ராகியும் சிறுபயறும் சேர்த்துக் காய்ச்சி, கொதிக்கக் கொதிக்க வாய் அகன்ற பிளாஸ்கில் ஊற்றி வைப்பேன். பத்தரைக்குப் பாதி, இரண்டு மணிக்கு மீதி என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவேன். சூடு இருக்கிறது, மூடியிருக்கிறது, ஈ மொய்க்காது, பாதுகாப்பு என்றே நம்பினேன். ஒருநாள் சாயங்காலம் வந்தபோது பிள்ளை வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். இரவு முழுக்கத் தண்ணீர் மாதிரி வயிற்றுப்போக்கு. விடியும்போது கண் குழிவிழுந்து, அழுதால் கண்ணீர் வரவில்லை. டயப்பர் இரவிலிருந்து சிறுநீர் படாமல் காய்ந்து கிடந்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். என்ன கொடுத்தீர்கள் என்று மட்டும் டாக்டர் கேட்கவில்லை. "எத்தனை மணிக்குக் காய்ச்சினீங்க, எத்தனை மணிக்குக் கொடுத்தீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்தக் குறுக்குதான் காரணம் என்று யாரும் சோதித்துச் சொல்லவில்லை. வேறு எதுவாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு நான் பிளாஸ்கைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். பிளாஸ்கைத் திறந்து ஊட்டும்போது பிள்ளை நாக்கு சுடாமல் சாப்பிட்டது என்றால், அந்தக் குறுக்கு உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில், 40 டிகிரி அளவில் இருந்திருக்கிறது. 60 டிகிரியிலிருந்து அந்தச் சூட்டுக்கு அது மெல்ல மெல்ல, மணிக்கணக்கில் இறங்கி வந்திருக்கிறது. கிருமிகள் மிக வேகமாகப் பெருகுகிற சூடும் அதுவேதான். வெளியில் வைத்திருந்தால்கூட சீக்கிரம் ஆறியிருக்கும். பிளாஸ்க் அந்த வெதுவெதுப்பைக் கலையாமல் அடைகாத்துக் கொடுக்கிறது. பத்தரைக்கு ஒருமுறை திறந்து கரண்டி விட்டதில் இன்னும் கொஞ்சம் சூடு போய்விடும், கரண்டியிலிருந்தும் ஏதாவது உள்ளே போகும். மூடியின் உள்பக்கம் இருக்கிற ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவுகிற வீடுகள் எத்தனை? நானே அதைக் கழற்றிப் பார்த்தது ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகுதான். உள்ளே பழைய மாவு ஒட்டி வழுவழுப்பாக இருந்தது.

பிளாஸ்க் வீட்டில் இருக்கட்டும். அதில் வெந்நீர் வையுங்கள். கொதித்த தண்ணீரை நிரப்பி வைத்தால் மதியம் அம்மா குறுக்குக் காய்ச்சும்போது அடுப்பில் பாதி நேரம் மிச்சமாகும், பிள்ளைக்குக் குடிக்கவும் காய்ச்சிய தண்ணீர் கையில் இருக்கும். குறுக்குக்கு மட்டும் பிளாஸ்க் வேண்டாம்.

பிரிட்ஜ்

தம்பி சொன்ன வழி கெட்ட வழியல்ல. ஒழுங்காகச் செய்தால் இரண்டாவது இடம் கொடுப்பேன். ஒழுங்காக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காய்ச்சிய குறுக்கைச் சட்டியோடு பிரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி குளிரவே மணிக்கணக்காகும். கெட்டியான குறுக்கு சூட்டை விடாது. ஒருவேளைக்கு ஒன்று என்று சின்ன எவர்சில்வர் சம்புடங்களில் ஊற்றி, அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்து அதில் நிறுத்தி, இடையிடையே கிண்டி ஆறவிட வேண்டும். ஆறினதும் மூடி உள்ளே வைக்க வேண்டும். இறக்கி 2 மணி நேரத்துக்குள் உள்ளே போயிருக்க வேண்டும், நல்ல வெயில் காலத்தில் 1 மணி நேரத்துக்குள். எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிற தாய் இதையெல்லாம் ஏழே முக்காலுக்குள் முடிக்க வேண்டும் என்றால் விடியுமுன் எழும்ப வேண்டும். சூடாக உள்ளே வைத்தால் பிரிட்ஜ் கெட்டுவிடும் என்று பயந்து, ஆறட்டும் என்று வெளியே வைத்துவிட்டு மறந்துபோவதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

கொடுக்கும்போது ஒரு சம்புடத்தை மட்டும் எடுத்து, நடுவரை ஆவி பறக்கச் சூடாக்கி, கிண்டி, ஆறவைத்து ஊட்ட வேண்டும். குறைந்தது 70 டிகிரி என்பது கணக்கு, வீட்டில் அதற்கு அடையாளம் ஓரத்தில் மட்டும் இல்லாமல் எல்லா இடத்திலும் குமிழி விடுவது. ஒருமுறை சூடாக்கியதைத் திரும்ப உள்ளே வைக்கக் கூடாது. பிள்ளை மிச்சம் வைத்ததையும் கூடாது, ஸ்பூன் வழியாக எச்சில் அதில் கலந்துவிட்டது.

நம் ஊருக்கென்று இரண்டு தொல்லை இருக்கிறது. ஒன்று கரண்ட். ஆனி ஆடிக் காற்றிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் ரப்பர் மரக்கொம்பு லைனில் விழுந்தால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் அடித்தபிறகு இங்கே எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இன்னொன்று மீன். முந்தின நாள் வாங்கிய சாளை, மேல் தட்டில் சட்டியில் திறந்து கிடந்து, அதன் தண்ணீர் கீழ்த்தட்டில் சொட்டுகிற பிரிட்ஜ் நம் வீடுகளில் சர்வ சாதாரணம். பிள்ளைச் சாப்பாட்டை வைக்கிற பிரிட்ஜில் பச்சை மீன் எப்போதும் அடித்தட்டில், மூடிய பாத்திரத்தில் இருக்க வேண்டும்.

மாவு பொடித்து வைத்து, அப்பப்போ காய்ச்சுவது

என் கட்சி இதுதான். காரணம் எளிது. காய்ந்த மாவில் ஈரம் இல்லாததால் கிருமி இருந்தாலும் பெருக முடியாது. தண்ணீர் சேர்ந்த நிமிடத்திலிருந்துதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அந்த நிமிடத்தைப் பிள்ளையின் வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் தள்ளுகிறோமோ அவ்வளவு நல்லது.

மாவுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. தோல் சீவி மெல்லியதாக நறுக்கிக் காயவைத்துப் பொடித்த ஏத்தங்காய்ப் பொடி, கூவைக்கிழங்கு (ஆரோரூட்) மாவு, வறுத்துப் பொடித்த ராகி, அரிசியும் சிறுபயறும் சேர்த்த பொடி. கூவை மாவு வயிற்றுக்கு இதமானது என்று அதையே தினமும் கொடுக்கிறார்கள், ஆனால் அதில் மாவுச்சத்தைத் தவிர அதிகம் ஒன்றும் இல்லை. வளர்கிற பிள்ளைக்குப் பயறு சேர்ந்ததும் வேண்டும். ஸ்பூனைச் சரித்தால் குறுக்கு வழிந்து ஓடாத அளவு கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு வயது வரை நாமாக உப்பும் சீனியும் சேர்க்க வேண்டாம். தேன் கண்டிப்பாக வேண்டாம். தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் விதைகள் இருக்கலாம், அவை ஒரு வயதுக்குள் இருக்கிற பிள்ளையின் குடலில் முளைத்து உடம்பையே தளர்த்திவிடும். நாக்கில் தேன் தொட்டு வைக்கச் சொல்லும் பெரியவர்களிடம் இதைப் பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

பொடிப்பதில் கவனிக்க வேண்டியது மழை. மாசி பங்குனி வெயிலில் மூன்று நான்கு நாளில் ஏத்தங்காய் ஒடிகிற பதத்துக்குக் காய்ந்துவிடும். மழை மாதங்களில் வெளியே வைத்து, தூறல் கண்டு உள்ளே எடுத்து, மறுநாள் மறுபடி வைத்து என்று இழுத்தால் ஓரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். பூஞ்சணம் பிடித்ததை வறுத்தோ சலித்தோ சரிசெய்ய முடியாது. பூஞ்சண நஞ்சு வறுத்தாலும் போகாது. தூரத்தான் போட வேண்டும். அதனால் வெயில் காலத்தில் காயவைத்த துண்டுகளைப் பொடிக்காமல் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொண்டு, மாதத்துக்கு வேண்டியதை மட்டும் பொடிப்போம். மில்லில் மிளகாயும் மல்லியும் அரைத்த மெஷினில் கொடுக்காமல் வீட்டு மிக்சியில் காய்ந்த ஜாரில் பொடிப்பது உத்தமம். எடுக்கிற ஸ்பூன் ஈரமாக இருக்கக் கூடாது. ராகியை ஊறவைத்து அரைத்துப் பால் எடுக்கிற வழக்கம் உள்ளவர்கள், அந்த வடிகட்டுகிற துணியைப் பாருங்கள். அலசிவிட்டு அடுக்களை ஜன்னலில் தொங்கவிட்ட துணி மறுநாளும் ஈரமாகவே இருக்கும். தினமும் கொதிநீரில் போட்டெடுத்து வெயிலில் காயவைக்க முடியாதென்றால் மாவாக வைத்துக்கொள்வதே நல்லது.

இந்த வழியின் குறை என்ன? ஒரு பெரிய ஆள் மதியம் அடுப்படியில் பத்து நிமிடம் நிற்க வேண்டும். அம்மாவின் மூட்டுவலிக்கு ஒரு உயரமான ஸ்டூல் வாங்கி அடுப்புத் திட்டுப் பக்கத்தில் போட்டோம். இரண்டு ஸ்பூன் மாவு, ஒரு டம்ளர் தண்ணீர், முதலில் ஆறிய தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கிண்டி, குமிழி விட்டு வெந்து கெட்டியானதும் இறக்குவது. பிள்ளை அழுதால் அடுப்பை அணைத்துவிட்டுப் போ, மறுபடி புதிதாகக் காய்ச்சலாம் என்று சொல்லி வைத்திருக்கிறோம். ஒரு கிண்ணம் மாவு வீணாவது பெரிய விஷயமில்லை.

இன்னொரு குறை கை. இங்கேதான் நான் அம்மாவோடு அதிக நேரம் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுக்கு மீன்காரியம்மா வருவது பதினொன்று பதினொன்றரைக்கு. பிள்ளைக்குக் குறுக்குக் காய்ச்சுகிற நேரமும் அதுவேதான். மீனைக் கழுவி வெட்டி, கையைத் தண்ணீரில் அலசி, இடுப்பில் செருகிய தோர்த்துத் துண்டில் துடைத்துவிட்டு அப்படியே மாவு டப்பாவைத் திறப்பது அம்மாவின் பழக்கம். அந்தத் தோர்த்தில்தான் சூடான சட்டியைப் பிடிப்பாள், அதிலேயே பிள்ளையின் வாயையும் துடைப்பாள். ஒரு நாள் முழுக்க அந்தத் தோர்த்து எங்கெங்கே போகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோழிக்கூட்டைத் திறக்கவும் போயிற்று.

குறை சொல்லிப் பயனில்லை என்பதால் வரிசையை மாற்றினோம். முதலில் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவிக் குறுக்கு, பிறகு ஊட்டல், அதன்பிறகுதான் மீன். மீன் வெட்டுவது கிணத்தடியில், அதற்கென்று தனி அரிவாள்மணை. பிள்ளைக்கென்று நான்கு சின்ன வெள்ளைத் துணி, ஒருவேளைக்கு ஒன்று. கிணத்தடியில் மட்டும் இருந்த சோப்பு இப்போது அடுக்களைக் குழாயடியிலும் இருக்கிறது. பிள்ளையின் மலம் கழுவியபிறகு, சமைக்குமுன், ஊட்டுமுன் என்று மூன்று வேளைக் கை கழுவலை அம்மா மறக்காமல் இருக்க வேறு வழி ஒன்றும் தேவைப்படவில்லை. சோப்பு கண்ணில் பட்டால் போதுமாக இருந்தது.

அங்கன்வாடி மாவும் கடை டப்பாவும்

அங்கன்வாடியில் 6 மாதம் முதல் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சத்துமாவு பலர் வீட்டில் மூலையில் கிடக்கிறது. கோதுமை, சோளம், முளைகட்டிய ராகி, கடலைப்பருப்பு, வெல்லம் எல்லாம் சேர்ந்த நல்ல மாவு அது. இலவசம் என்பதால் மட்டமாக நினைக்கக் கூடாது. நம் பொடியோடு மாறி மாறிக் கொடுக்கலாம். வறுத்த மாவுதானே என்று வெந்நீரில் குழைத்துக் கொடுக்காமல் அடுப்பில் வைத்துக் காய்ச்சுங்கள். பாக்கெட்டைப் பிரித்ததும் டப்பாவுக்கு மாற்றுங்கள், வெல்லம் இருப்பதால் எறும்பும் ஈரமும் சீக்கிரம் தேடி வரும்.

கடை டப்பா மாவு அவசரத்துக்கு இருக்கட்டும். அதற்குமேல் அதற்கு இடம் கொடுக்க எனக்கு மனமில்லை, விலையும் அதிகம். 2 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உணவுக்கும் பால்மாவுக்கும் பால்புட்டிக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று நம் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 திருத்தமும் இருக்கின்றன. காரணம் இல்லாமல் அப்படி ஒரு சட்டம் வராது. டப்பா மாவிலும் தண்ணீர் ஊற்றியபிறகு அதே கடிகாரம்தான் ஓடும். பால்மாவு கொடுத்தே ஆக வேண்டிய பிள்ளைகளுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும், அந்தப் பொடி கிருமியே இல்லாதது அல்ல. கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் கலக்கி, ஆறவைத்து உடனே கொடுக்க வேண்டும். 2 மணி நேரத்துக்குள் தீராததைக் கொட்டிவிட வேண்டும்.

எந்த வழியானாலும் வெள்ளம் (தண்ணீர்)

நம் பக்கத்தில் வீட்டுக்கொரு கிணறு இருப்பது பெரிய பாக்கியம். ஆனால் ஐந்து சென்ட் பத்து சென்டில் வீடு கட்டியபிறகு கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் நடுவில் எத்தனை அடி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மழைக்காலத்தில் கிணறு பொங்கி வரும்போது வெள்ளம் கலங்கலாக இருந்தாலும் தெளிந்திருந்தாலும் பிள்ளைக்குக் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும். குமிழி விட்டுக் கொதித்தபிறகு 1 நிமிடம் விட்டால் போதும்.

இதில் ஒரு பழக்கம் எனக்குத் தாங்க முடியாதது. சீரகமோ பதிமுகமோ (தண்ணீருக்குச் சிவப்பு நிறம் தருகிற மரச்சீவல்) போட்டு நன்றாகக் காய்ச்சுவோம், பிறகு சூடு ஆற வேண்டும் என்று ஒரு செம்பு காய்ச்சாத பச்சைவெள்ளத்தை அதில் ஊற்றுவோம். கொதிக்க வைத்த பாடெல்லாம் அந்த ஒரு செம்பில் போய்விடுகிறது. நிறம் இருப்பதால் காய்ச்சிய வெள்ளம் என்றே நினைக்கிறோம். கல்யாண வீட்டில், கடையில், நம் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. ஆறட்டும் என்றால் மூடி வைத்துத் தானாக ஆறவிடுங்கள். பிள்ளைக்கு இரவே காய்ச்சி மூடி வைத்தால் காலையில் ஆறியிருக்கும். எடுக்கும்போது டம்ளரை உள்ளே முக்காமல், பிடி நீண்ட தவியால் எடுக்கலாம், அல்லது குழாய் வைத்த எவர்சில்வர் பாத்திரத்தில் வைக்கலாம்.

ஊட்டுவதற்குப் பால்புட்டி வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனோம். நிப்பிளின் உள்மூலை கழுவவே எட்டாத இடம். கிண்ணமும் ஸ்பூனும், தங்கச்சி பீய்ச்சி வைக்கிற தாய்ப்பாலுக்குப் பாலாடை என்கிற மூக்குக் கிண்ணமும் போதும். இவை வழவழப்பான எவர்சில்வர், சோப்புப் போட்டுக் கழுவி ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் தீர்ந்தது. பீய்ச்சிய பாலைச் சுத்தமான மூடிய பாத்திரத்தில் பிரிட்ஜில் வைத்து, கொடுக்கும்போது வெந்நீரில் பாத்திரத்தை நிறுத்தி வெதுவெதுப்பாக்க வேண்டும், அடுப்பில் வைக்கக் கூடாது.

வீட்டில் பெரிய ஆள் இருந்தால் மாவு வைத்து அப்பப்போ காய்ச்சுவது, என்னைப் பொறுத்தவரை மறு யோசனைக்கே இடமில்லாதது. பார்த்துக்கொள்கிறவருக்குக் கண் தெரியாமலோ அடுப்படியில் நிற்க முடியாமலோ இருந்தால் பிரிட்ஜ், ஆனால் அன்றைக்குக் காய்ச்சியது அன்றைக்கே தீர வேண்டும். கரண்ட் போய்விட்ட நாளில் நல்ல மட்டி வாழைப்பழம் ஒன்றைக் கழுவித் தோலுரித்து, கழுவிய ஸ்பூனால் மசித்துக் கொடுத்துவிடலாம். பழத்தின் தோலைவிடச் சுத்தமான மூடி வேறெதற்கும் இல்லை. அண்டியாபீசுக்கும் (முந்திரி ஆலை) ரப்பர் பால்வெட்டுக்கும் போகிற தாய்மாருக்குப் பக்கத்து வீட்டில்தான் பிள்ளையை விட்டுப்போக வேண்டும் என்றால், காய்ச்சிய குறுக்கைக் கொடுத்துவிடாமல் மாவு டப்பாவையும் கிண்ணத்தையும் கொடுத்து, ஒரு நாள் கூடவே நின்று காட்டிக்கொடுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பது 2017 முதல் சட்டம். கேட்பதற்கு உரிமை இருக்கிறது.

எவ்வளவு கவனித்தாலும் பிள்ளைக்கு ஒருநாள் வயிறு போகலாம். அப்போது தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்று வீட்டில் இருக்கட்டும், அதில் எழுதியிருக்கிற அளவுக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து ஸ்பூனால் அடிக்கடி கொடுங்கள், 24 மணி நேரம் கழிந்தால் மிச்சத்தைக் கொட்டுங்கள். 6 மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் துத்தநாக மாத்திரை 14 நாள் கொடுக்கச் சொல்வார்கள், போக்கு நின்றாலும் முழுக்கக் கொடுக்க வேண்டும். கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் இருந்தாலோ விடியட்டும் என்று நான் காத்திருந்த மாதிரி நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

சனிக்கிழமை ஒத்திகை பார்த்தோம். தங்கச்சி வேலைக்குப் போவது போலவே எட்டு மணிக்குக் கிளம்பி என் வீட்டுக்கு வந்துவிட்டாள். மணி பார்த்துக்கொண்டே இருந்தாள், நாலு தடவை போன் எடுத்தாள், நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். பதினொன்றே காலுக்கு நாங்கள் இரண்டு பேரும் அம்மா வீட்டுப் பின்வாசல் வழியாகப் போனோம். ஸ்டூலில் உட்கார்ந்து அம்மா கிண்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை தரையில் கிடந்து கரண்டி சத்தத்துக்குக் கால் உதைத்துக்கொண்டிருந்தது. முன்வாசலில் மீன்காரியம்மா கூடையை இறக்கிவிட்டுக் கூப்பிட, அம்மா எழும்பவில்லை.

"கொஞ்சம் இரி, பிள்ளைக்குக் குடுத்துட்டு வாறேன்."